ஒரே சஹனில் அமரத் தகுந்த மீன்கள்

எங்கள் குடும்பத்துத் திருமணங்களில் இன்றும் ஒரு கதை உலவுகிறது. என் தங்கைக்குச் சம்பந்தம் பேசி முடித்த விருந்தன்று, சிதம்பரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரை நான் மீனோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டேன் என்பது அதன் சாரம். சொல்பவர்களுக்குத் தகுந்தபடி அந்தக் கதையில் மீன்கள் ஒன்றையொன்று விழுங்குவதும் உண்டு. தொட்டி உடைந்து கூடம் முழுவதும் கடல் நீர் பாய்வதும் உண்டு. இவை எவையும் நடக்கவில்லை. தொட்டி உடையவில்லை. ஒரு மீன்கூட இறக்கவில்லை. நான் பேசியது விலங்கியல். நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் செய்முறை வகுப்புகளை நடத்திவந்தேன். கீழ வீதியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ரயிலேறிக் கடலூர் முதுநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். தங்கைக்குப் பேசப்பட்ட மாப்பிள்ளையின் தந்தை சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஒரு மாலை வேட்டி எடுப்பதற்காக அவருடைய கடைக்குச் சென்றேன். அவர் என்னை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, விசாரணையைத் தொடங்கினார்.

"தம்பி காலேஜுல என்னா சொல்லிக் குடுக்குறீங்க?"

"விலங்கியல். இப்போது கடல் மீன்களைப் பற்றி."

"மீனுல சொல்லிக் குடுக்க என்னா இருக்குது? முள்ளு எடுக்கவா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் படிப்பின்மீது விழுந்தது. என்மீது விழுந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆகவே நிதானமாகச் சொன்னேன்: "எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்கள் உயிரோடு இருக்கின்றன. விருந்துக்கு வரும்போது நீங்களே பார்க்கலாம்."

"கெணத்து மீனு, ஆத்து மீனு பொழைக்கும். கடல் மீனு வூட்ல பொழைக்குமா? சரி, வந்து பாக்குறேன்."

அந்த நேரத்தில் அத்தொட்டி என் மனத்தில் மட்டுமே முழுமை பெற்றிருந்தது. ஆனால் திட்டம் பழையது. பினாங்கில் வேலை பார்த்த என் அக்காள் கணவர் விடுமுறையில் வந்தபோது, நான் கேட்டுக்கொண்டபடி மின்சாரத்தில் இயங்கும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவரை நான் மச்சான் என்பேன். அவரும் என்னை மச்சான் என்பார். எங்கள் வீட்டில் அதிகம் சிரித்தவர் அவர்தான். என்னைப் பார்த்தே அதிகம் சிரித்தார்.

இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்துத் தொட்டியைச் செய்வித்தேன். உப்புநீர் இரும்பைத் தின்னாதிருக்கச் சட்டத்துக்கு மீண்டும் மீண்டும் வண்ணம் பூசவைத்தேன். துறைமுக முகத்துவாரத்தில் ஓதம் ஏறிக் கடல் உள்ளே வரும் வேளையில் எடுத்த தெளிந்த நீரை மண்பானைகளில் கொண்டுவந்து துணியில் வடிகட்டினேன். பித்தளைக் குடங்களைத் தொடக்கூடாது என்று உம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அந்த உலோகம் கடல் நீரில் கரைந்தால் மீனுக்கு நஞ்சாகும்.

தொட்டியைக் கூடத்தில் வைக்க வாப்பா இடம் கொடுத்தார். கொடுக்கும்போதே நிபந்தனையும் விதித்தார். "சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னாடி ஒரு மீனு மெதந்தாலும் சரி, தொட்டியத் தூக்கி ஆட்டுக்குத் தண்ணி வைக்கப் போட்டுருவேன். நீ குடுத்த வாக்கு என் வாக்கும்தான், தெரிஞ்சிக்கோ."

மீனைப் பிடிப்பதைவிட எந்த மீனை எந்த மீனோடு விடுவது என்பதே கடினம். அதற்கு எனக்கு வழிகாட்டியது எங்கள் விருந்து முறை. எங்கள் வீட்டு விருந்துகளில் பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, நால்வர் சுற்றி அமர்ந்து உண்பார்கள். அந்தத் தட்டுக்குச் சஹன் என்று பெயர். ஒரு சஹனில் யார் யாரை உட்காரவைப்பது என்பதை முதுநகரில் வாப்பாவைக் காட்டிலும் நன்கறிந்தவர் இல்லை. அண்ணன் தம்பியை ஒன்றாக, மாமனையும் மருமகனையும் ஒன்றாக, ஒத்த வயதினரை ஒன்றாக அமர்த்துவார். மெதுவாகச் சாப்பிடுபவரையும் வேகமாகச் சாப்பிடுபவரையும் சேர்க்கமாட்டார்.

இம்முறையை அப்படியே பின்பற்றினேன். உப்பனாற்றுக் கழியில் வலை வீசியவர்களிடம் சொல்லிவைத்து, நான்கு கீச்சான் குஞ்சுகளை உயிரோடு வாங்கினேன். வெள்ளி உடலில் வில்லாக வளைந்த கருங்கோடுகள் ஓடும் அழகிய மீன் அது. நான்கும் ஒரே இனம், ஒரே அளவு, ஒரே பசி. இதைவிடப் பொருத்தமான சஹனை வாப்பாவாலும் அமைத்திருக்க முடியாது.

மறுநாள் காலையில் பார்த்தபோது, ஒரு கீச்சான் மணலில் குழி பறித்து அதன் நடுவே அரசனைப்போல் நின்றிருந்தது. மற்ற மூன்றும் காற்றுக் குழாயின் பின்னால் ஒடுங்கியிருந்தன. குழிப்பக்கம் எது வந்தாலும் அது பாய்ந்து விரட்டியது. ஒன்றின் வால் ஏற்கெனவே கிழிந்திருந்தது.

மச்சான் பல்துலக்கியபடியே வந்து நின்றார். "நாலும் சொந்தக்காரனுங்கதானே மச்சான்?"

"ஒரே இனம்."

"அதான் அடிச்சிக்குது. அசலாளா இருந்தா மரியாத இருந்திருக்கும்."

அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "ஒன்ன வச்சிக்கிட்டு மீதிய குடுத்துடு தம்பி. புளி கரைச்சிதான் வச்சிருக்கேன்."

குழம்புக்கு நான் இணங்கவில்லை. மூன்றையும் பானையில் எடுத்துச்சென்று கழியிலேயே விட்டோம். நீரைவிட்டுத் தூக்கியதும் அவை கீச்சுக் குரலில் கத்தின. அது அவ்வினத்தின் இயல்பு. மச்சான் அதை மொழிபெயர்த்தார்: "ஒங்களத்தான் திட்டுது. சோத்துக்குக் கூப்ட்டு அடி வாங்க வச்சிட்டீங்கன்னு சொல்லுது."

விருந்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மச்சான் தம் பங்குக்கு ஒரு பேத்தை மீனைப் பரிந்துரைத்தார். அது வயிற்றை ஊதிக்காட்டினால் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள் மகிழ்வார்கள் என்றார். பேத்தை பிற மீன்களின் துடுப்பைக் கடித்துத் துண்டாக்கும் என்பதால் மறுத்தேன். கலவா மீன் குஞ்சையும் மறுத்தேன். அதன் வாயளவைப் பார்த்தால் போதும். அந்த வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்குத் தோழனாக இருக்க முடியாது.

சிதம்பரத்து அறையில் தனியே அமர்ந்து யோசித்தபோதுதான் சஹனின் உண்மையான ஒழுங்கு எனக்குப் புலப்பட்டது. யார் யாருக்கு உறவு என்பது அழைப்பவரின் கவலை. உட்கார்ந்தபின் தட்டைக் காப்பது வேறொரு விதி: தனக்கு நேரே இருப்பதைத்தான் உண்ண வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீளக்கூடாது. சிறுவயதிலிருந்து எங்கள் கைகளுக்குப் பழகிய விதி அது. அப்படியானால் தொட்டியிலும் ஒவ்வொரு மீனுக்கும் அதனதன் பக்கம் இருக்க வேண்டும். ஒன்று உண்பதை மற்றொன்று விரும்பாதிருக்க வேண்டும்.

அந்த அடிப்படையில் ஒரு புதிய சஹனை அமைத்தேன். கற்களில் படர்ந்த பாசியை மேய்வதற்கு ஓர் ஒரா மீன் குஞ்சு. மணலோடு ஒட்டிக் கிடக்க ஓர் உளுவை மீன். சிந்தியதைப் பொறுக்குவதற்குச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. நான்காவதாகப் பழைய கீச்சான். பசித்தால் பிற மீன்களின் செதிலையே கடிக்கும் குணம் அதற்குண்டு. ஆகவே இறால் துணுக்குகளால் அதன் வயிறு எப்போதும் நிறைந்திருக்க ஏற்பாடு செய்தேன்.

ஒரா மீன் கிள்ளைப் பக்கத்துக் கழியில் கிடைத்தது. வாயில் துணி கட்டிய பானையில் அதை வைத்து, பானையை மடியில் ஏந்திச் சிதம்பரத்தில் ரயிலேறினேன். எதிரே இருந்த பெரியவர் வெகுநேரம் பானையையே பார்த்திருந்தார்.

"என்னாங்க, பதநியா?"

"இல்லை. கடல் நீர்."

"எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"கடலூருக்கு."

அவர் பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? கடலூருக்குக் கடல் தண்ணி போவுது. அங்க வத்திப் பூடுச்சாம்." முதுநகர் வரும்வரை அந்தப் பெட்டியில் சிரிப்பு ஓயவில்லை. உள்ளே மீன் இருப்பதை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் துணியை அவிழ்த்துப் பார்ப்பார்கள்; அதற்கு நான் இடமளிக்கவில்லை.

வீடு சேர்ந்ததும் கீச்சானைத் தற்காலிகமாக வெளியே எடுத்து, கற்களின் இடங்களை மாற்றி, அதன் குழியை மூடினேன். புதியவர்கள் குடியேறியபின் கடைசியாக அதை விட்டேன். முதலில் வந்தவர் எவராயினும் வீட்டுக்காரராகிவிடுவார். கடைசியில் வந்தால் விருந்தினராக நடந்துகொள்வார். கீச்சான் சிறிது நேரம் திகைத்துச் சுற்றியது. பின்பு ஒரு மூலையில் தனக்கென்று புதிய குழி பறித்துக்கொண்டது. உளுவை எதிர்மூலையில் அசையாமல் படுத்திருந்தது. ஒரா கல்லைச் சுரண்டத் தொடங்கியது. வாப்பா தொலைவில் நின்றே பார்த்துவிட்டுத் தொழுகைக்குப் புறப்பட்டார்.

விருந்தன்று மாப்பிள்ளையின் தந்தையோடு அவருடைய அண்ணனும் வந்திருந்தார். ஒரே கடையிலிருந்து பிரிந்து தனித்தனிக் கடை போட்ட நாள்முதல் இருவருக்கும் பேச்சில்லை என்பது எங்களுக்கும் தெரிந்த செய்தி. வாப்பாவோ தம் முறைப்படி இருவருக்கும் ஒரே சஹனில் இடம் வைத்திருந்தார். "தனித்தனியா வச்சா நாமளே பிரிச்சமாரி ஆவும்" என்று சொல்லிவிட்டார். அதில் நான் தலையிடவில்லை.

மாப்பிள்ளையின் தந்தை செருப்பைக் கழற்றியதும் நேராகத் தொட்டியிடம் வந்தார். கண்ணாடியில் மூக்குப் படும்படி குனிந்தார். நான் கீச்சானை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்; அது தன் குழியில் கண்ணியமாக நின்றிருந்தது.

"கடல் தண்ணிதானா?"

"சந்தேகமிருந்தால் சுவைத்துப் பாருங்கள்."

அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். "உப்புதான். மீனும் உசுரோடதான் இருக்குது." என் வாக்கு அந்த வினாடியில் நிறைவேறியது. அத்தோடு அவர் நகர்ந்திருக்கலாம். ஆனால் மேலும் கேட்டார்: "இந்தக் கோடு போட்ட மீனு ஒன்னுதானா? அதுக்கு ஜோடியா இன்னொன்னு விடலாமே?"

கேட்ட கேள்விக்கு விடை சொன்னேன். "விடக்கூடாது. வேறு இனத்தோடு அது ஒத்துப்போகும். தன் இனத்தோடு, தன் கூடப்பிறந்ததோடு ஒத்துப்போகாது. ஒரே இடத்தில் இரண்டை விட்டால் ஒன்று மற்றொன்றைக் கடித்துத் துரத்திவிடும்."

சொல்லி முடித்தபோது தொட்டியின் மறுபக்கத்துக் கண்ணாடி வழியாக அண்ணனின் முகம் தெரிந்தது. அவர் எப்போது வந்து குனிந்தார் என்று நான் அறியேன். இருவர் முகங்களும் நீருக்கு இருபுறமும் பெரிதாகத் தெரிந்தன. நடுவே கீச்சான் நின்றது. வாப்பா கண்களை மூடிக்கொண்டார். கதவோரம் மச்சானுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

முதலில் சிரித்தவர் அண்ணன். என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி யார சொல்லுது? மீனையா, எங்களையா?"

"மீனைத்தான்" என்றேன். அதுவே உண்மை.

மாப்பிள்ளையின் தந்தை நிமிரவில்லை. நீரைப் பார்த்தபடியே கேட்டார்: "கடல்ல மட்டும் ரெண்டும் எப்டி இருக்குது?"

"கடலில் இடம் அதிகம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி இருக்கும். ஒன்று மற்றொன்றின் குழிக்குப் போகாது. தொட்டி பெரிதாக இருந்து, நடுவில் கல் வைத்து மறைத்தால், இங்கும் இரண்டை வைத்துப் பார்க்கலாம்."

"கேட்டியாடா?" என்றார் அண்ணன், கண்ணாடியின் மறுபுறத்திலிருந்து. அவர் தம்பியிடம் நேராகப் பேசியதை அங்கிருந்த அனைவரும் கேட்டோம். "ஒனக்கு ஒரு தெரு, எனக்கு ஒரு தெருன்னு நான் அன்னைக்கே சொன்னேன். நீதான் எதிர்க்கடைதான் வேணும்னு நின்ன."

"எதிர்க்கடைன்னாதான் ஒன்ன தெனமும் பாக்கலாம்னு நின்னேன்" என்றார் தம்பி.

உம்மா உள்ளிருந்து சாப்பாடு ஆறுவதாகக் குரல் கொடுத்தார். சகோதரர் இருவரும் வாப்பா வைத்த இடத்தில், ஒரே சஹனில், எதிரெதிரே அமர்ந்தார்கள். அவரவர் பக்கத்திலிருந்தே உண்டார்கள். நடுவிலிருந்த பெரிய கறித்துண்டை அண்ணன் தம்பியின் பக்கம் தள்ளியதை நான் என் கண்ணால் பார்த்தேன். மச்சான் என் காதருகே குனிந்து, "ரெண்டு கீச்சானும் ஒரே தட்டுல, மச்சான்" என்றார். குடும்பத்தில் உலவும் கதைக்கு மூலம் இந்த வாக்கியம்தான். அதைச் சொன்னவர் அவர்; நான் அல்ல.

தொட்டி ஆட்டுக்குப் போகவில்லை. அதன்பின் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் வாப்பா அதன் முன்னால் நின்று, "கீச்சான் ஒன்னுக்கு மேல வைக்கக்கூடாது. அது எங்க கண்டுபிடிப்பு" என்று விளக்குவார். நான் மறுத்ததில்லை.

நிக்காஹ் முடிந்து தங்கை சிதம்பரம் சென்ற பிறகு, அவள் மாமனாரிடமிருந்து ஆள் வந்தது. அவர் வீட்டுக் கூடத்துக்கும் ஒரு தொட்டி வேண்டும், எங்களுடையதைவிடப் பெரிதாக வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். நானே முன்னின்று செய்துகொடுத்தேன். நடுவில் உயரமான கல்லை வைத்து, இருபுறமும் மணல் பரப்பி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கீச்சான்களை விட்டேன். மாலைகளில் அண்ணன் கடையை அடைத்துவிட்டு வந்து ஒரு பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். தம்பி மறுபக்கம் உட்காருவார். எந்தக் கீச்சான் எல்லையைத் தாண்டப் பார்க்கிறது என்று இருவரும் வாய் ஓயாமல் சண்டை போடுவார்கள் என்று தங்கை சொன்னாள். நான் அறிந்தவரையில் எந்த மீனும் தாண்டவில்லை.