வால்வுக்காரர் எண்ணிலிருந்து வந்த குரல்

பேட்டையில் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரரும் இருந்தார். அன்று காலை குழாயில் காற்றுதான் வந்தது. எரிச்சலில், எல்லோரும் பார்க்க எழுதினேன்: "ஏன்வே, செத்துட்டீரா?"

அவர் படித்துவிட்டதாகக் காட்டியது. சற்று நேரத்தில் குழாய் உறுமி, தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா? இப்படிக் கேட்டாத்தான் வேலை நடக்கும்" என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

அப்போது அவர் எண்ணிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பெண் குரல். பின்னால் சங்கு ஊதினார்கள்.

"அவுக விடியக்காலம் தவறிட்டாக அண்ணாச்சி. குரூப்ல நீங்க கேட்டதப் பாத்தேன். வால்வு சாவிய எடுத்துட்டுப் போயி நாந்தான் தொறந்துட்டு வந்தேன். தண்ணி வந்துட்டா?"

வாளி நிரம்பி வழிந்தது. மூடக் கை வரவில்லை.

குழுவில் புது வால்வுக்காரரிடம் இப்போதும் குறை சொல்கிறேன். "தண்ணீர் வரவில்லை. உங்களுக்கு ஏதும் சிரமமா?" என்று எழுதுவேன். பதில் வரும்வரை குழாயைத் தொடுவதில்லை.