கிளெண்டா காசு கட்டிப் போன முகாம்

ஓஹாயோவில் எங்கள் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கிளெண்டா ஸ்ட்ரௌபை யாரும் ஏமாற்றியதாகச் சரித்திரம் கிடையாது. பாதி தின்ற தர்பூசணியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய், "இதுல இனிப்பே இல்ல, நீயே தின்னு பாரு" என்று கல்லாவின் மேல் வைத்துப் பணத்தைத் திரும்ப வாங்கியவள். அவள் வண்டி உள்ளே நுழைவதைப் பார்த்தாலே டயர் கடைக்காரன் கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்வான் என்று பேச்சு. அப்படிப்பட்டவளின் தலையில் ஒரு கும்பல் நிதானமாக உட்கார்ந்து மிளகாய் அரைத்துவிட்டுப் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நான் வெர்னா, அவள் பக்கத்து வீட்டுக்காரி. பேஸ்பால் மைதானத்தின் ஓரத்தில் ஹாட் டாக்கும் வறுத்த சோளமும் விற்கும் தட்டிக் கடை என்னுடையது. கிளெண்டாவின் ஒரே பிள்ளை கோல்பி, வீசுகிறவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர். அவன் முதன்முதலில் கையுறை மாட்டிக்கொண்டு மூக்கில் அடி வாங்கி அழுததிலிருந்து நான் கடை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல பையன், நல்ல கை. ஆனால் ஆகாசத்திலிருந்து குதித்த பிள்ளை இல்லை. கல்லூரி அணியில் ஓர் இடம் கிடைத்தால் படிப்பும் ஆட்டமும் சேர்ந்து நடக்கும் என்பதுதான் அவன் ஆசை.

அந்த இடத்தைத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அரை மணி நேரத் தொலைவில் உள்ள இரண்டு வருடக் கல்லூரியின் கோச் ஹேகர்ட்டி. இலையுதிர்கால ஆட்டங்கள் நடக்கும்போது வருவார், இடது பக்க வேலிக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொள்வார், சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டு கடைசிப் பந்து வரைக்கும் பார்ப்பார். அக்டோபர் கடைசியில் என் கடை முன்னால் நின்றுதான் கிளெண்டாவிடம் பேசினார்.

"எனக்கு ஒரு கேட்சர் வேணும்மா. ரெண்டு பேர் மேல கண்ணு இருக்கு, முதல்ல உங்க பையன். அடுத்த சனிக்கிழமை காலேஜுக்குக் கூட்டிட்டு வாங்க. எங்க பசங்களோட ஒரு நாள் ஆடட்டும். சாயங்காலம் உக்காந்து பேசி முடிச்சிடலாம்."

"அடுத்த சனிக்கிழமை நாங்க ஃபுளோரிடாவுல இருப்போம். ஷோகேஸ் முகாம், காசு கட்டிப் பசங்க ஆட்டத்தைக் காட்டுற இடம். பெரிய காலேஜ் கோச்சுங்க எல்லாம் வராங்க" என்றாள் கிளெண்டா.

ஹேகர்ட்டி விதையைத் துப்பினார். "அப்படிங்களா. சரி. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்குள்ள ஒரு போன் பண்ணி வரோம்னு சொன்னாக்கூடப் போதும். அதுக்கு மேல முடியாதும்மா, இன்னொரு பையனும் காத்துக்கிட்டிருக்கான்."

அவர் போனதும் கோல்பி, "அம்மா, நான் இவர்கிட்டயே போறேனே" என்றான்.

"சும்மா இருடா. சும்மா வந்து பாத்துட்டுப் போற ஆளு. வேற எவனும் கிடைக்காமதானே இங்க வந்து உக்காந்திருக்காரு?"

கிளெண்டாவின் கணக்கு அதுதான். இலவசமாக வருகிறவன் மட்டம், காசு கேட்கிறவன் உசத்தி. எங்கள் பக்கத்துப் பெற்றோர் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. பெட்ரோலைத் தன் கைக்காசில் போட்டுக்கொண்டு மூன்று மாவட்டம் சுற்றி வருகிறவரை நாற்காலிக்காரர் என்று கேலி செய்வார்கள். பார்வைக்கு ஒரு பளபளப்பான இணையதளம் இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

அந்த முகாம்காரர்கள் அனுப்பிய அழைப்பின் லட்சணமும் எனக்குத் தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும் என்று கோல்பிக்கு வந்த அதே அழைப்பு அடுத்த தெரு டாயிலின் பையனுக்கும் வந்திருந்தது. வேலிப் பக்கம் நின்று அதைச் சொன்னேன்.

"அவன் மட்டையைத் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சுடி கிளெண்டா. இப்போ டிராம்போன் ஊதிக்கிட்டிருக்கான்."

"அது தப்பாப் போயிருக்கும். கோல்பிக்கு வந்தது சரியா வந்தது."

"எப்படித் தெரியும்?"

"கேட்சர்னு கரெக்டாப் போட்டிருக்கான். இடது கை மட்டைன்னுகூடப் போட்டிருக்கான்."

"அதை நீதானேடி போன வருஷம் அந்த முகாம்காரன் வெப்சைட்ல நிரப்பிக் குடுத்த?"

"உனக்குப் பிள்ளை இல்ல வெர்னா. உனக்கு இதெல்லாம் புரியாது."

அது அவள் கடைசியாக எடுக்கிற ஆயுதம்.

கூரை மாற்ற வைத்திருந்த பணம் முகாமுக்குப் போனது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், அந்த வாரம் டெக்சஸில் இருந்தான். அதனால் ஹோட்டல் அறையைப் பகிர்ந்துகொள்ள நான் துணைக்குப் போனேன்.

போய்ப் பார்த்தால் அசிங்கம். பையன்கள் முதுகில் எண் எழுதிய துணியைக் குத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒருமுறை ஓடவேண்டும், சில பந்து அடிக்கவேண்டும், சில பந்து எறியவேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பன்றியை ஓட்டி வருகிற பிள்ளைகூட ஏலம் முடிந்தால் கையில் பணத்தோடு வீட்டுக்குப் போகும். இங்கே பன்றியும் நம்முடையது, பணமும் நம்முடையது. பெற்ற பிள்ளையைப் பார்க்க வாசலில் தனியாக டிக்கெட் வேறு. உள்ளே ஒரு கூடாரத்தில் முகாமின் பெயர் போட்ட பனியன் விற்றார்கள், அதற்கும் தள்ளுமுள்ளு. அப்பன்மார்கள் வலைக்குப் பின்னால் கோச்சுகளைப்போல் நின்றவர்களின் சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு பெரிய கல்லூரியின் பெயர்.

கிளெண்டா வீட்டிலிருந்து பக்கை உருண்டை செய்து கொண்டுவந்திருந்தாள். வேர்க்கடலை விழுதைச் சாக்லேட்டில் முக்கிச் செய்வது, ஓஹாயோக்காரி எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போவாள். சனிக்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்துகொண்டு ஒரு சட்டைக்காரனிடம் போனாள், நானும் கூடப் போனேன்.

"எங்க ஊர் இனிப்பு, எடுத்துக்கோங்க சார். நாப்பத்தொண்ணாம் நம்பர் என் பையன். எப்படி ஆடுறான்?"

"நல்லா ஆடுறான்மா. கை நல்லாருக்கு."

"உங்க காலேஜுக்குக் கேட்சர் தேவைப்படுதா?"

"என் காலேஜா?" அவன் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். "ஓ, இதுவா! நான் அங்க ஆடினதெல்லாம் பழைய கதைம்மா. இப்போ இன்ஷூரன்ஸ் விக்கிறேன். நாள் கூலிக்கு வந்திருக்கேன். பழைய சட்டை இருந்தா போட்டுட்டு வாங்கன்னாங்க."

"அப்போ மத்த கோச்சுங்க?"

"இந்த மாசம் எப்படிம்மா வருவாங்க? பெரிய காலேஜ் கோச்சுங்க யாரும் இப்போ வெளிய போய்ப் பசங்களைப் பாக்கக் கூடாதுன்னு விதி இருக்கே. குளிர் முடியுற வரைக்கும் அப்படித்தான். உங்களுக்கு யாரும் சொல்லலையா?" இன்னொரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "பிரமாதம்மா. உள்ள இருக்கிறது கடலையா?"

அந்த டப்பாவைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. தர்பூசணிக்குச் சண்டை போட்ட கிளெண்டா இப்போது ஆடித் தீர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"போய்க் காசைத் திருப்பிக் கேளுடி" என்றேன்.

"கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க."

"சரி, காசு போய்த் தொலையட்டும். ஹேகர்ட்டிக்குப் போன் போடு. சாயங்காலம் வரைக்கும் இடம் இருக்குன்னாரே, இன்னும் பொழுது இருக்கு."

போனைக் கையில் எடுத்தாள். அவர் எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டாள். பிறகு பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"என்னன்னு சொல்றது அந்த ஆளுகிட்ட? நாங்க ஏமாந்துட்டோம், எங்களைச் சேத்துக்கோங்கன்னா?"

"ஏமாந்தோம்னு எதுக்குச் சொல்ற? வரோம்னு சொல்லு, போதும். இல்லன்னா என்கிட்ட குடு, நான் பேசுறேன்."

"என் பையைத் தொட்டேன்னா பாரு வெர்னா."

போய் இருக்கையில் உட்கார்ந்தாள். கோல்பி எறிந்தபோது அந்த மைதானத்திலேயே உரக்கக் கைதட்டியது அவள்தான். போலியான அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கும்பலைவிட அவள்மேல்தான் அப்போது அதிக ஆத்திரம் வந்தது.

திரும்பும் வழியில் விமானத்தில் கோல்பி மெதுவாகச் சொன்னான், "அங்க ஒரு கோச்சும் வரலம்மா. பசங்க எல்லாருக்கும் தெரியும்."

"கேமரால பாத்துக்கிட்டிருந்தாங்கடா. இப்போல்லாம் அப்படித்தான்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஹேகர்ட்டி ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தை இன்னொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? சொன்ன நேரம் வரைக்கும் காத்திருந்தார். கிளெண்டா மட்டும் கேமரா, வீடியோ என்று குளிர்காலம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த முகாமிலிருந்து பிறகு வந்ததெல்லாம் அடுத்த முகாமுக்கு அழைப்புதான். எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. பள்ளி முடிந்ததும் கோல்பி ஊர் எல்லையில் உள்ள கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனான். சாயங்காலம் மைதானத்துக்கு வந்து சம்பளம் இல்லாமல் மண்ணை வாரிச் சமன்படுத்துவான். ஆட முடியாதவனுக்கு அந்த மண்ணின்மேல் அவ்வளவு ஆசை.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு நாள், ஆட்டம் தொடங்கும் முன் டானெல் என்பவள் என் கடைக்கு வந்தாள். ஊருக்குப் புதிது, பையன் பந்து வீசுகிறவன். கிளெண்டா காப்பி வாங்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா, நீங்க ஃபுளோரிடா முகாமுக்குப் போயிட்டு வந்தீங்களாமே. எங்களுக்கும் கூப்பிட்டிருக்காங்க. கார் வாங்க வெச்ச பணம் இருக்கு. கட்டலாமா? நீங்க சொன்னா கட்டிடறேன். உங்களை யாரும் ஏமாத்த முடியாதுன்னு ஊரே சொல்லுது."

கிளெண்டா காப்பிக்குச் சர்க்கரை போட்டாள். "கட்டு. ஒவ்வொரு காசுக்கும் பிரயோஜனம் இருக்கு. யோசிக்கவே யோசிக்காத."

நான் எண்ணெய் வழியும் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் குழியில் தள்ளுகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் மண் வாரிக்கொண்டிருந்த கோல்பி நிமிர்ந்தான்.

"கட்டாதீங்க. அங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. அதோ, அந்த மூலையில நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு பாருங்க, அவர்கிட்ட போய்ப் பேசுங்க." பிறகு அம்மாவைப் பார்த்தான். "ஏம்மா பொய் சொல்ற?"

கிளெண்டாவின் முகம் சிவந்துவிட்டது.

"அந்த முகாம் பொய்யின்னா, நான் உன் வாழ்க்கையை என்னடா பண்ணியிருக்கேன்?"

கோல்பி தலையைக் குனிந்துகொண்டு கேட்சர் குந்தி உட்காரும் இடத்து மண்ணை வாரத் தொடங்கினான்.