பின்பக்கம் எழுத்தில்லாத டப்பா

ரவிச்சந்திரனோடு மளிகைக்கடைக்குப் போவதற்கு ரேஷன் வரிசையில் நிற்பதே மேல். அயனம்பாக்கம் ஏரியோர அடுக்குமாடியில் குடியிருக்கும் இந்த ஐ.டி. மேலாளர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தால், சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பின்பக்கத்தை வரி விடாமல் படிப்பார். மைதா, பாமாயில், காலாவதித் தேதி! "விஷம் விக்கிறானுங்க மங்களம், விஷம்!" என்று திருப்பி வைத்துவிடுவார். இவருக்கு வாழ்க்கைப்பட்டு, மங்களத்துக்கு பிஸ்கட்டின் ருசியே மறந்துபோயிருந்தது.

அப்பேர்ப்பட்ட மகானுபாவர் மனைவியின் மூட்டுவலிக்கு மருந்து வாங்கிய இடம், சென்னீர்குப்பம் நெடுஞ்சாலை ஓரத்து மூலிகைக் கூடாரம்.

"இன்னா நைனா யோசிச்சிகினு கீறே? அல்லாம் ஆயுர்வேதம். இங்கிலீஷ் மருந்து வாசனையே கெடையாது" என்றான் கூடாரக்காரன்.

போதாதா? கண்ணாடி சட்டைப்பையை விட்டு வெளியே வரவேயில்லை. பெயரில்லை, விலாசமில்லை, என்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு எழுத்தில்லை. வெறும் வெள்ளை டப்பாவில் பொடி. பயபக்தியோடு வாங்கிவந்தார்.

தின்ற மறுநாளே மங்களம் மாடிப்படி ஏறினாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. மாதம் போகப்போக அவள் முகம் உருண்டு திரண்டது. "அக்கா, கன்னமெல்லாம் பூசினாப்ல சூப்பரா இருக்கீங்க!" என்றாள் எதிர்வீட்டு ஸ்வாதி. உடனே மனைவியைப் படமெடுத்து, 'மூலிகையின் மகிமை' என்று குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் போட்டார்.

பொடி தீர்ந்தபோது கூடாரமும் இடத்தைக் காலி செய்திருந்தது. "அதான் குணமாயிடுச்சே, விடு" என்றார். அந்த வாரமே மங்களம் வாந்தியெடுத்து, சமையலறையில் சுருண்டு விழுந்தாள். ஐயோ, அவர் பட்ட பாடு! தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"ஆயுர்வேதந்தான் டாக்டர். பக்கவிளைவே கிடையாது. முகம்கூடப் பூசினாப்ல ஆயிடுச்சு" என்று டப்பாவை நீட்டினார்.

டாக்டர் அகல்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆயுர்வேதம்னா லைசென்ஸ் நம்பர் இருக்கும், செஞ்சவங்க விலாசம் இருக்கும். பதிவு பண்ணின வைத்தியர் பாத்துக் குடுப்பாரு. இதுல என்ன சார் இருக்கு?"

டப்பாவில் ஒட்டியிருந்த பொடியைச் சோதித்ததில் தெரிந்தது: ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறான். "முகம் பூசல சார், வீங்கியிருக்கு. அதை திடீர்னு நிறுத்தினதுல ரத்த அழுத்தம் விழுந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா உயிரே போயிருக்கும்."



சிகிச்சையில் தேறி, மூன்றாம் நாள் மங்களம் எழுந்து உட்கார்ந்து, டீக்குத் தொட்டுக்கொள்ள பிஸ்கட் கேட்டாள். கேன்டீனுக்கு ஓடி வாங்கிவந்தவர், கட்டிலருகே நின்று, பழக்க தோஷம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பினார்.

"எனக்குக் குடுத்ததை மட்டும் ஏங்க படிக்கல?"

பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு அழுகைதான் வந்தது. மங்களம் பாக்கெட்டைப் பிடுங்கி, படிக்காமலே பிரித்தாள்.