பூட்ஸோடு உள்ளே வரச் சொன்ன தயாளன்

தயாளன் போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னது என் மகள் சிந்து. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தோளில் கேன், இன்னொரு தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"அப்பா, தயா அண்ணா பூட்டாருபா" என்றாள்.

"எந்த மலையில?" என்று கேட்டேன். வண்டியில்தான் விழுந்திருப்பார் என்று என் வாய் அதுவாகவே முடிவு செய்துவிட்டது.

"மலையும் இல்ல ஒண்ணும் இல்ல. காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க இல்ல, அங்கயே..." என்று அழுதாள். வீட்டுக்கார அம்மா உள்ளேயிருந்து, "இன்னாபா, வாசல்லயே நின்னுக்கினு கீற?" என்று சத்தம் போட்டார். கேனை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, காசு வாங்க மறந்து வெளியே வந்தேன். வேறு யார் செத்தும் நான் அப்படி மறந்ததில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமை வண்டிக் கூட்டத்தில் தயாளனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆஃப்ரோடு, அதாவது கல்லும் மண்ணுமான மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட், ஜாக்கெட், பேன்ட் விற்கிற கடைக்காரர். மலைக்குப் போனால் முன்னால் போகிறவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் என் மகள் உட்பட உங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன், நான் அங்கிள். என் தொப்பை செய்த வேலை. பத்தாவதில் கணக்கில் தோற்றவன் நான், கட்டுரையெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. எழுதுவதற்குக் காரணம் சுடுகாட்டு வாசலில் நடந்த சண்டை.

பாலாற்றங்கரைச் சுடுகாட்டில் எல்லாம் முடித்துவிட்டு வாசல் டீக்கடையில் நின்றோம். நம் குழுவின் பிரவீன் போனில் ஒரு படம் காட்டினான். தயாளன் சிரிக்கிற போட்டோ அச்சடித்த கறுப்பு டி-ஷர்ட். வருகிற ஞாயிறு ஜவ்வாது மலைக்குப் போய், அவர் நமக்கெல்லாம் இறங்கக் கற்றுக்கொடுத்த அந்தக் கல் சரிவில் அவர் நினைவாக எல்லோரும் இறங்குவது என்று முடிவாகியிருந்தது. ஜாக்கெட் போட்டால் போட்டோ மறைந்துவிடும், ரைடிங் பேன்ட் ஆளுக்கொரு கலராக இருந்தால் வீடியோவில் நன்றாக இருக்காது. அதனால் எல்லோரும் டி-ஷர்ட், கறுப்பு ஜீன்ஸ்.

"ஜீன்ஸ்லயா? அந்தச் சரிவுலயா?" என்றேன்.

"ஒரு நாள்தான் அங்கிள். அண்ணாவுக்காக."

"வேணாம்பா."

அழுது சிவந்த கண்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. "அவரே இல்ல. இன்னும் இன்னாத்துக்கு அங்கிள் பேன்ட்டு பேன்ட்டுன்னு?" என்றான் ஒருவன். சிந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இன்னிக்காவது சும்மா இரேன்பா."

இருக்கவில்லை. "போறதா இருந்தா நான் வழிய மறிச்சுக்கினு நிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து நம் வாட்ஸாப் குழுவில் யாரும் எனக்கு வணக்கம்கூடப் போடுவதில்லை. வீட்டில் சிந்து என்னிடம் பேச வேண்டியதை அவள் அம்மாவிடம் சொல்கிறாள். "அவரை சாப்ட்டுட்டு சைலன்சரை ஆட்டாம தூங்கச் சொல்லு" என்கிறாள். என் குறட்டையைச் சொல்கிறாள்.

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியாது. இது நடந்தபோது கூட இருந்த பழைய ஆட்கள் யாரும் இப்போது நம் குழுவில் இல்லை. மிச்சம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் போய்விட்டார், ஒருத்தி என்னோடு பேசுவதில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

சிந்து அந்தப் பெரிய வண்டியை வாங்கியபோது என் வீட்டுக்காரி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "பொண்ணு முட்டிக்கு ஏதாவது ஆச்சு, ரெண்டு பேரும் வூட்டுக்கு வராதீங்க." நான் நெஞ்சை நிமிர்த்தி, "பேன்ட் எடுக்குற வேலைய என்கிட்ட வுடு" என்றேன். பேன்ட் பற்றி எனக்குத் தெரிந்தது இடுப்பு அளவு ஒன்றுதான். அதையும் கடைக்காரர்களிடம் உண்மையாகச் சொல்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

தயாளனின் கடை, அவர் வீட்டார் முன்பு பட்டுப்புடவை விற்ற முன்கூடம். பாய் விரித்த தரை, சுவரில் சாமி படங்கள். ஊர் வழக்கப்படி வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். கூடத்தின் நடுவில் இன்ஜின் இல்லாத ஒரு வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். "எங்க வூட்ல எல்லாரும் கட்டுறதுக்குத் துணி வித்தாங்க. நான் வண்டியிலருந்து உழறதுக்குத் துணி விக்கிறேன்" என்றார். முதல் நாளே இப்படிப் பேசுகிற ஆளிடம் பெண்ணை ஒப்படைக்கப் போகிறோமே என்று வாசலில் விட்ட செருப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

நான் வழக்கம்போல ஒரு சைஸ் பெரிதாக எடுத்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் முதல் அப்படித்தானே எடுக்கிறோம்! சிந்து அதைப் போட்டு வண்டியில் உட்கார்ந்ததும், முட்டியில் அடி தாங்க உள்ளே வைத்திருக்கிற பேடைத் தயாளன் ஒரு விரலால் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு பக்கவாட்டுக்குப் போய்விட்டது.

"இப்ப உழுந்தா காத்துக்கு அடிபடாது. முட்டிக்குத்தான் படும்" என்றார்.

சிந்து, காலோடு ஒட்டியிருந்த ஒன்றை எடுத்து வந்தாள். கண்ணாடியில் பார்த்தால் சினிமாக்காரி மாதிரி இருந்தது. "அழகா கீதும்மா. உக்காரு" என்றார். உட்கார்ந்ததும் பேன்ட் கெண்டைக்கால் வரை ஏறி, பேடு தொடைக்கு வந்துவிட்டது. "நிக்கசொல்ல அழகா இருந்தா கல்யாணத்துக்குப் போட்டுக்கினு போ. வண்டிக்கு, உக்காந்தா சரியா இருக்கணும்."

நான் விடுவேனா? இருப்பதிலேயே கனமானதைக் காட்டி, இதுதான் பாதுகாப்பு என்றேன். "இத்த மாட்டிக்கினு நீ வத்திப்போன தாமல் ஏரியில ஒரு மத்தியானம் நில்லு பாப்போம். அவுத்துப் போட்டுட்டு அண்ட்ராயரோட வூட்டுக்கு வருவ. வெயில்ல அவுக்கத் தோணாதது எதுவோ அதான்யா நல்ல பேன்ட்டு." கடைசியில் காற்று நுழைகிற வலைத்துணி, முட்டியிலும் இடுப்பிலும் பேடு, சைலன்சர் பக்கம் பட்டால் உருகாமலிருக்க உள்காலில் தோல் வைத்தது ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். உட்கார்த்தி, காலை மடக்கச் சொல்லி, தட்டிப் பார்த்து, "இனிமே பயம் இல்ல" என்றார். உயரமான பூட்ஸ் ஒரு ஜோடியும் வாங்கினோம். அதை வாசலில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம்.

முதல் ஜவ்வாது மலை ரைடுக்கு என் பழைய வண்டியில் நானும் போனேன். கடைசி ஆளாக வரச் சொன்னார் தயாளன். யார் விழுந்தாலும் கண்ணில் படும் என்றார். யாராவது விழுந்தால் நானும் அவர்மேல் விழுவேன் என்பதுதான் உண்மை.

மலைமேல் சரிவுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க நின்றோம். மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் அந்தக் கல் எண்ணெய் தடவியது போல ஆகிவிடும், அதற்குள் இறங்க வேண்டும் என்று எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். அப்போது பார்த்தேன். சிந்து ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து பேன்ட் ஜிப்பைத் திறந்து, இரண்டு முட்டிப் பேடுகளையும் உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்துவிட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். சொல்லாதே என்று அர்த்தம்.

சொல்லாமலிருந்தால் நல்ல அப்பா. சொன்னால் இத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் ஒற்றைப் பெண்ணைக் காட்டிக்கொடுத்தவன். தயாளனிடம் போனேன். "தயா, பொண்ணு பேடை கழட்டிட்டா" என்றேன். அவர் தன் வண்டியைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். "இன்னாண்ணா, மழ வருது!" என்று கத்தினார்கள். சிந்துவுக்கு முகம் ஜிவுஜிவு என்று ஆகிவிட்டது. "என் முட்டிண்ணா. நான் பாத்துக்கிறேன். வழிய வுடுங்க."

"முட்டி உன்னுதுதாம்மா. ஆனா இங்கருந்து உன்ன தூக்கிக்கினு எறங்கப்போற நாலு பேரு முதுகு உன்னுது இல்ல."

முதல் தூறல் விழுந்தது. யாரும் நகரவில்லை. எனக்கு அந்த மலையே பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்புறம் அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "சும்மா கழட்டுற பொண்ணு இல்லியே நீ. இன்னா பண்ணுது, சொல்லு" என்றார்.

"பூட்ஸோட வாய் பேடை மேல முட்டிக்கினே கீதுண்ணா. எழுந்து நின்னு ஓட்டசொல்ல முட்டிக்கு அடியில கத்தி வெச்சு அறுக்குற மாதிரி கீது. காலைலருந்து பொறுத்துக்கினுதான் வந்தேன்."

தயாளன் சேற்றில் மண்டியிட்டு, ஒரு பேடைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, அவளை நிற்கச் சொன்னார். பூட்ஸின் மேல் விளிம்பு பேடைத் தள்ளுவது எனக்கே தெரிந்தது. அவர் அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"கடையில பேன்ட்டு போட்டுப் பாத்தோமே, பூட்ஸு எங்க இருந்திச்சு?" என்று கேட்டார்.

"வாசல்ல" என்றேன் நான்.

அவர் எழுந்து, ஹாரன் அடித்தவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "தப்பு பொண்ணு மேல இல்ல. வெறுங்கால்ல நிக்க வெச்சு அளவு பாத்து அனுப்பனேன். தப்பு என்னுது." ரிமோட்டில் பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிட்டு, பேட்டரி கம்பெனியைத் திட்டுகிற ஆள் நான். ஒரு ஆண்பிள்ளை அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறகு அந்தப் பேடைத் திரும்ப உருவிவிட்டு, தன் காலில் கட்டியிருந்த முட்டிக் கவசங்களைக் கழற்றினார். மெல்லியவை, பட்டை போட்டுக் கட்டுகிறவை. சிந்துவின் பேன்ட்டுக்கு மேலேயே, பூட்ஸ் வாய்க்கு மேலாக இழுத்துக் கட்டினார். அவை நகரவுமில்லை, பூட்ஸில் முட்டவுமில்லை.

"யோவ், அப்ப நீ?" என்றேன்.

"நான் பையப் போறேன். பின்னால பாத்துக்கினு வா."

இறங்கினோம். முன்னால் தயாளன், நடுவில் சிந்து, கடைசியில் நான். கல் நனைந்து பளபளத்தது. சிந்துவின் பின்சக்கரம் ஒரு தரம் வழுக்கி, வண்டி சாய்ந்து, நிமிர்ந்தது. ஆனால் சொன்னால் நம்புங்கள், பாதி நேரம் நான் பெண்ணைப் பார்க்கவில்லை. முன்னால் வளைந்து வளைந்து போகிற, மேலே ஒன்றுமில்லாத அந்த ஆளின் முட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சரிவில் யாரும் விழவில்லை. கீழே, தரை சமமான இடத்தில், நடந்து போகிற வேகத்தில் ஓர் ஓடையைத் தாண்டும்போது தயாளன் விழுந்தார். பொத்தென்று, பக்கவாட்டில். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எழுந்திருக்க முடியவில்லை. பேன்ட் கிழிந்து, முட்டி பிளந்திருந்தது.

ரேஸில் விழுந்தது என்று நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அவருடைய நொண்டல், அந்த ஓடையில் வாங்கியது.

மலையடிவார ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது நான் அழுதுவிட்டேன். "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா உனக்கு ஒண்ணும் ஆயிருக்காதுயா."

"ஆயிருக்காது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "இதோ பாரு, கண்ணுல பட்டவன் சொல்லித்தான் ஆவணும். அன்னிக்கு ஒரு நாள் எல்லாருக்கும் கெட்டவனா நிக்கணும். இதுல ஒரு கஷ்டம் இன்னான்னா, நல்லபடியா வூடு போய் சேந்துட்டாங்கன்னா நீ சும்மா கத்தினன்னுதான் நெனைப்பாங்க. நெனைச்சிக்கினு போவட்டும்."

காயம் ஆறுவதற்கு முன்பே கடை வாசலில் ஒரு பலகை மாட்டினார். 'பூட்ஸைக் கழற்ற வேண்டாம். போட்டுக்கொண்டே உள்ளே வரவும்.' காஞ்சிபுரத்தில் அப்படி எழுதிய ஒரே துணிக்கடை அதுவாகத்தான் இருக்கும். சாமி இருக்கிற கூடத்துக்குள் சேற்றுக்காலோடு வரச் சொல்கிறானே என்று அவர் அண்ணன் பேசுவதை நிறுத்தினார். தயாளன் சாமி படங்களை மாடிக்குக் கொண்டுபோனார், பாயைச் சுருட்டினார், பலகையைக் கழற்றவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரையும் பூட்ஸோடு உட்காரவைத்து, எழுந்து நிற்கவைத்து, எங்கே குத்துகிறது என்று கேட்டுவிட்டுத்தான் பேன்ட்டை மடித்துக் கொடுத்தார். உங்களையும் கேட்டிருப்பார்.

அந்த ஆளின் பெயரைச் சொல்லி, அந்தச் சரிவில், முட்டியில் ஒரு நூல் துணியோடு இறங்கப் போகிறீர்கள். டி-ஷர்ட்டை ஜாக்கெட்டுக்கு மேலே மாட்டிக்கொள்ளுங்கள், போட்டோ நன்றாகவே தெரியும். பேன்ட் ஆளுக்கொரு கலராக இருக்கட்டும். அவர் விற்ற கலர்தானே எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முன்பே நான் மலையில் இருப்பேன். சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் என் வண்டி குறுக்கே நிற்கும். சிந்து ஜீன்ஸில் வந்தாலும் நிற்கும்.

தயாளனிடமிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வீர்கள். வளைவில் வண்டியைத் திருப்புகிற வித்தையோ, அந்தச் சிரிப்போ, உங்களுக்குப் பிடித்தது எதுவோ அது. வழியை மறித்தும் பேன்ட்டுக்காக நச்சரித்தும் அவர் சம்பாதித்து வைத்திருந்த கெட்ட பெயரை யாரும் கேட்கப் போவதில்லை, அதனால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் முழுக் காலோடு வீடு திரும்பிய பிறகு, சிந்துவின் அப்பா சும்மா பயமுறுத்தினார் என்று குழுவில் எழுதுங்கள். படித்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்குவேன்.