ஒரு நூல்பந்து குறைவாக

நேற்றுக் காலை எங்கள் மகள், கேட்காமல் கொள்ளாமல், என் நீலச் சுவெற்றரை வோஷிங் மெஷினில் போட்டு அறுபது டிகிரியில் தோய்த்துவிட்டாள். அப்பாவுக்கு உதவி செய்கிறாளாம். கதவைத் திறந்தபோது மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவான ஒரு சுவெற்றர் வெளியே வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து என் மனைவி மலர் குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வயித்தைக் குறையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? இப்ப சுவெற்றரே சொல்லுது" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நனைந்த கம்பளியின் மணம் குசினி முழுக்கப் பரவியிருந்தது. மழையில் நனைந்த ஆட்டின் மணம் என்றுதான் அதைச் சொல்லவேண்டும். சொன்னால் மலரிடம் வாங்கிக் கட்டவேண்டி வரும். எனக்கு அது ஜெர்மனியில் மார்க் போய் யூரோ வந்த குளிர்காலத்தின் மணம்.

அதற்குச் சற்று முன்னால்தான் மலர் கலியாணப் பெண்ணாக மன்னாரிலிருந்து ஹம் நகருக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஊரில் அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ரீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரே குரலில் அடக்கியவள், இங்கே ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில், நான் வேலையால் வரும்வரை பேச ஆளின்றி இருந்தாள். நான் வந்தாலும் பேச்சு இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு யன்னலடியில் போய் நிற்பாள். ஒருநாள் திரும்பிப் பாராமலே சொன்னாள்: "எனக்கு இஞ்சை ஏலாதப்பா. அங்கை பாதை திறந்தவுடனை நான் போறன்."

அந்த மாசியில் ஊரில் சண்டை ஓய்ந்தது. ஹம்மில் இருந்த தமிழர் எல்லோரும் ஆளுக்காள் போன் எடுத்துச் சந்தோசப்பட்டார்கள். நானும் சந்தோசப்பட்டதுபோலத்தான் பேசினேன். ஆனால் நண்பரே, உங்களிடம் ஒளிப்பானேன்? உலகத்திலேயே சமாதானத்துக்குப் பயந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்தால் மலர் ஊருக்குப் போய்விடுவாள்.

அப்படியான ஒரு சனிக்கிழமைதான் அந்த நூல் வந்தது. எங்கள் தெருமுனையில் இருந்த மலிவுக் கடையில், நடுவில் ஒரு நீட்டுப் பெட்டி இருக்கும். ஒரு கிழமை அதற்குள் துளையிடும் மெஷின் கிடக்கும், மறு கிழமை குழந்தைகளின் குளிர்ச்சப்பாத்து கிடக்கும். அந்தக் கிழமை கம்பளி நூல்பந்துகள், இரண்டு ஊசி, ஒரு சின்னப் புத்தகம், எல்லாம் சேர்த்து ஒரு பொதி. மலர் ஒரு சிவப்புப் பந்தைத் தொட்டாள். எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். இந்த நாட்டில் அவள் ஆசையாகத் தொட்ட முதல் பொருள் அதுதான் என்று எனக்குப் பட்டது. வண்டிலில் இருந்த உருளைக்கிழங்கைத் திருப்பி வைத்துவிட்டு நூலில் இரண்டு பொதி வாங்கினேன். ஏன் கிழங்கைத் திருப்பி வைத்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஊசியில் கண்ணி போடுவதை அவள் படத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். அதற்குக் கீழே இருந்த எழுத்துத்தான் பிரச்சினை. ஜெர்மன் தெரிந்த ஆள் என்ற கெப்பரில் நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "இரண்டு றெக்ட்ஸ், இரண்டு லிங்ஸ்" என்று போட்டிருந்தது. இதில் என்ன கஷ்டம்? பஸ்ஸில் தினமும் கேட்கிற சொற்கள்தானே. "றெக்ட்ஸ் எண்டால் வலது, லிங்ஸ் எண்டால் இடது. நூலை வலக்கையிலை பிடிச்சு இரண்டு கண்ணி. பிறகு இடக்கைக்கு மாத்தி இரண்டு கண்ணி. அவ்வளவுதான்" என்றேன்.

"ஏனப்பா கை மாத்தவேணும்?"

"ஜெர்மன்காரர் எல்லாத்தையும் சமமாத்தான் செய்வினம்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த அறிவு!

மூன்று கிழமை அவள் அப்படியே பின்னினாள். வலக்கையில் இரண்டு, இடக்கையில் இரண்டு. வலக்கையில் பின்னியது இறுக்கம், இடக்கையில் பின்னியது தொளதொளப்பு. புத்தகத்துப் படத்தில் சால்வை வரிவரியாக இருக்க, இவளுடையது அலை அலையாக வந்தது. ஏன் என்று கேட்டாள். "அது மெஷினிலை செய்தது" என்று சமாளித்தேன். நடுவில் கண்ணிகள் நழுவி, ஒரு முழ அகலத்தில் தொடங்கிய சால்வை போகப் போக ஒரு சாண் ஆகிவிட்டது. அதைச் சுற்றிக்கொண்டுதான் பக்டரி வேலைக்குப் போனேன். என்னோடு நின்ற துருக்கிக்காரன், யார் கடித்தது என்று கேட்டான். மனைவி என்றேன். கடித்ததா பின்னியதா என்று அவன் மேலும் கேட்கவில்லை.

சால்வை பின்னும்போதே மலர் சொல்லியிருந்தாள்: "இதை முடிச்சுப்போட்டுப் போறன்." முடிந்த அன்றோ இரண்டாவது பொதியை உடைத்தாள். "இது சரிவரேல்லை. ஒண்டாவது ஒழுங்காய்ப் பின்னிப்போட்டுத்தான் போவன்." ரீச்சர் அல்லவா? பிழை விட்டுவிட்டுப் போக மனம் வராது.

சித்திரையில் கொலோனில், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய ஒரு பிள்ளைக்கு விருந்து. ஹம்மிலிருந்து ரயில். மலர் பின்னிக்கொண்டு வந்தாள். டிக்கெட் பார்க்க வந்தவர் பெரிய மீசைக்காரர். எங்கள் டிக்கெட்டை வாங்கியவர் அதைப் பார்க்காமல் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மன்னிக்கவேண்டும், இது உங்கள் நாட்டு முறையா?" என்று ஜெர்மனில் கேட்டார். இல்லை, உங்கள் நாட்டு முறைதான் என்று நான் பெருமையாக விளக்கினேன். றெக்ட்ஸ், வலக்கை. லிங்ஸ், இடக்கை.

அந்த மனிதர் சிரிக்கவில்லை, பாவம், அடக்கப் பார்த்தார். மீசைதான் துடித்தது. லீவு நாளில் தனக்குத் தானே காலுறை பின்னுகிறவராம். எதிரே உட்கார்ந்து, டிக்கெட் மெஷினைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஊசியை வாங்கினார். நூலைப் பின்னால் விட்டுக் குத்தி எடுத்தால் முன்னால் மழமழப்பு, அது றெக்ட்ஸ். நூலை முன்னால் கொண்டுவந்து குத்தினால் மொட்டு மொட்டாக வரும், அது லிங்ஸ். துணிக்கு நல்ல பக்கம், மறு பக்கம் என்று சொல்கிறோமே, அவ்வளவுதான் சங்கதி. கைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டோட்முண்ட் தாண்டி எஸன் வரும்வரை எங்கள் பெட்டியில் யாரிடமும் டிக்கெட் கேட்கப்படவில்லை.

மலருக்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவர் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "எட்டு வருசமா இஞ்சை இருக்கிறியள்!" என்று சொல்லிச் சொல்லி, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் முதன்முதல் கேட்டது அந்த ரயிலில்தான். நான் மடையனானதில் எனக்கு அவ்வளவு சந்தோசம் வேறெப்போதும் வந்ததில்லை.

அதன்பிறகு வீடு நூலால் நிறைந்தது. எனக்கென்று பின்னிய தொப்பி என் தலையைவிடப் பெரிதாகப் போனதால் தேத்தண்ணிக் கேத்திலுக்கு உடுப்பானது. ரிவி ரிமோட்டுக்கு ஓர் உறை. அலமாரியில் நின்ற அந்தோனியார் சிலைக்கும் ஒரு சால்வை, பகலில் ஹீற்றரை நிற்பாட்டுகிறோமே, அவருக்குக் குளிராதா என்று. குளிருக்கு யன்னல் திறக்க முடியாத வீட்டில் மீன் பொரித்தால் மணமெல்லாம் கம்பளிக்குள்தான் போய் ஒளியும். நான் வேலைத்தலத்துக்குள் நுழைந்தால், எங்கள் வீட்டில் நேற்று என்ன சமையல் என்று பத்துப் பேருக்குத் தெரியும்.

ஆனாலும் ஒவ்வொன்றையும் தொடங்கும்போது அவள் சொல்வாள்: "இது முடியட்டும், போறன்." விளையாட்டாகச் சொல்கிறாளா, உண்மையாகச் சொல்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஊரில் பாதையும் திறந்தாயிற்று.

நேற்றுச் சுருங்கிய அந்த நீலச் சுவெற்றர் முக்கால்வாசி வந்தபோது நூல் தீர்ந்தது. ஸ்டேஷன் வீதியில் இருந்த நூல்கடைக்குப் போய் அதே நீலத்தில் ஒரு பந்து வாங்கி வந்தேன். பின்னி முடித்துப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நெஞ்சுக்கு மேலே வேறு நீலம். பந்தைச் சுற்றியிருக்கும் கடதாசியில் சாயம் போட்ட தடவைக்கு ஒரு நம்பர் இருக்கும். நம்பர் மாறினால் நிறமும் கொஞ்சம் மாறும். மலர் தலையில் கை வைத்தாள். பிறகு, இரண்டு நீலத்தையும் வரிக்கு வரி கலந்து பின்னலாம் என்று முழுவதையும் அவிழ்த்தாள்.

அவிழ்க்கும் நூலைச் சுற்ற இரண்டு கைகள் வேண்டும். ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, நான் கைகள் இரண்டையும் நீட்டிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். என் கையில் சுற்றினாள், சுற்றியபடியே பேசினாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை ஐந்தை எப்போதும் திருப்பி எழுதும், எந்தப் பிள்ளை மதியச் சாப்பாட்டை மற்றவனுக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும், எல்லாம். சுவெற்றர் மீண்டும் வர ஒன்றரை மாதம் ஆகும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் கள்ளம். எதை வாங்கினாலும் ஒரு பந்து குறைவாக வாங்குவேன். குறையும்போது ஓடிப்போய் வேறு நம்பரில் ஒன்று கொண்டுவருவேன். "உங்களுக்கு நம்பர் வாசிக்கத் தெரியாதோ?" என்று அவள் ஏசுவாள். நான் அசடு வழிய நிற்பேன். அந்த நீலச் சுவெற்றரே மூன்று தரம் அவிழ்ந்தது.

அடுத்த குளிர்காலம் மலர் ஜெர்மன் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் வகுப்பு முடிந்து தானாகவே அந்த நூல்கடைக்குப் போயிருக்கிறாள். நான் வேலையால் வந்தபோது மேசையில் ஆறு பச்சை நூல்பந்துகள் வரிசையாக இருந்தன. சப்பாத்தைக் கழற்றுமுன்பே தொடங்கினாள்.

"கடைக்காரி சொல்லுறா, உங்கட மனுசன் மட்டும்தான் வேணுமெண்டு வேறை நம்பர் கேட்டு வாங்கிறவர் எண்டு. எனக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சு இரண்டு தரம் சொன்னவ."

நான் குனிந்து சப்பாத்து நாடாவைத் தேடினேன்.

"பக்டரியிலை உங்கட வேலை என்ன?"

"கம்பிச் சுருளிலை ஒட்டியிருக்கிற நம்பர் சரியோ எண்டு பாக்கிறது" என்றேன். பொய் சொல்லவா முடியும்?

அவள் ஒரு பந்தை எடுத்துக் கடதாசியில் இருந்த நம்பரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இனி எல்லாத்தையும் ஒரே நம்பரிலை வாங்குங்கோ" என்றாள். "நான் ஒரு இடமும் போகேல்லை."

நான் அழுதேன். அவள் அழவில்லை, சப்பாத்தைக் கழற்றுங்கோ, நிலமெல்லாம் ஈரம் என்றாள்.

அந்த நூல்கடை இப்போது இல்லை. அங்கே போன் திருத்துகிறார்கள். மலர் முதியோர் பராமரிப்புக்கு ஔஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள், ஞாயிறும் ஷிஃப்ற் வரும். நூலைத் தானே போனில் ஓடர் பண்ணுகிறாள், எல்லாம் ஒரே நம்பர். பின்னினால் ஒரு கண்ணி பிசகாது. கடையில் வாங்கியதா என்று ஆட்கள் கேட்கிறார்கள். எதையும் அவிழ்ப்பதில்லை. போய்விடுவாளோ என்ற பயம் போனதற்கு அந்தோனியாருக்கு எத்தனை மெழுகுதிரி கொளுத்தினாலும் தகும். ஆனால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நான் அவள் முன்னால் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தப் பயத்தோடேயே போய்விட்டன.