சுவர் ஒட்டாத வீடு தேடி: அப்புத்தளை, எல்ல, பதுளை

கல்யாணமாகி ஒன்றரை வருடம். அதில் நானும் ஜெகனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது லீவு நாட்களில் மட்டும்தான். எனக்கு ஹட்டனில் ஆஸ்பத்திரி வேலை, எக்ஸ்ரே எடுப்பது. அவர் கொழும்பில் ஒரு கம்பெனியின் கணக்குகளைப் பார்க்கிறார். போன மார்ச்சில் எனக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தது. அதே வாரம் அவருடைய கம்பெனியும், இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டது. சந்தோஷத்தில் போனிலேயே கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

ஆனால் திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் வீடு கிடைக்காவிட்டால் நான் விடுதிக்கு, அவர் கொழும்பு பஸ்ஸுக்கு. பிறகு எப்போது லீவு கிடைத்து எப்போது வீடு தேட? இன்னொரு வருடம் போனிலேயே குடும்பம் நடத்த வேண்டியதுதான். ஆக, கையில் இருந்தது ஒரு சனியும் ஒரு ஞாயிறும்.

எனக்கு ஒரே நிபந்தனை: ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்க வேண்டும். அவருக்கும் ஒரே நிபந்தனை: சுவர் ஒட்டிய வீடு கூடாது. ஜெகன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை அறைக் காம்பராக்கள், கூரையைத் தொடாத நடுச்சுவர்கள். "பரீட்சைக்குப் படிக்கிறப்போ பக்கத்து வீட்டுச் சண்டைதான் எனக்கு அதிகமா மனப்பாடம் ஆச்சு" என்பார். நானும் லயத்துப் பிள்ளைதான். ஆனால் எனக்கு அந்தச் சண்டைகள் நல்ல பொழுதுபோக்கு.

சனி காலை ஐந்து மணிக்கு ஹட்டனில் பஸ் ஏறி, நுவரெலியா, வெலிமடை என்று மாறி மாறி, அப்புத்தளைக்குப் போய்ச் சேரும்போது பத்தாகிவிட்டது. ஜெகன் முந்தின இரவே கொழும்பில் ஏறி, விடியற்காலையில் வந்து இறங்கி, தேநீர்க் கடையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். ஸ்வெட்டர் கொண்டுவரச் சொன்னேனே, கேட்டாரா?

அப்புத்தளை வீடு, சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. டவுனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், மலை விளிம்பில் தனியாக நிற்கிறது. நாலு பக்கமும் தேயிலை. இரண்டு அறை, மாதம் இருபத்தெட்டாயிரம். ஜன்னலைத் திறந்தால் பனி கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜெகன் வீட்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். நாலு சுவரும் எதையும் தொடாமல் நிற்கின்றனவா என்று பார்த்தாராம்!

"சுதா, சத்தமே இல்ல பாரு" என்றார், கோயிலுக்குள் நிற்கிறவர் மாதிரி.

நான் தூரத்தைக் கணக்குப் போட்டேன். பதுளை ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் எப்படியும் ஒன்றரை மணி நேரம். "நான் டூட்டிக்குப் போனா நாள் முழுக்க நீங்க யாரோட பேசுவீங்க? ஒரு காய்ச்சல் வந்து கூப்பிட்டா யாரு வருவா?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் இருக்கே" என்றார். கம்ப்யூட்டர் வந்து கஞ்சி வைத்துக் கொடுக்குமா? ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பண்டாரவளை வரும்வரை பஸ்ஸில் கோபத்தோடு தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சமாதானமாக, வழியிலிருக்கும் எல்ல என்ற சுற்றுலா ஊரையும் பார்த்தோம். அங்கே ஒரு மாடி அறைக்குத் தொண்ணூறாயிரம் கேட்டார்கள். "மாசத்துக்கா, வருசத்துக்கா?" என்று ஜெகன் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோபம் அங்கேயே போய்விட்டது. ஆளுக்கொரு கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு, இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பதுளைக்குப் பஸ் ஏறி, ஒரு சாதாரண லாட்ஜில் தங்கினோம்.

ஞாயிறு காலை, பஸ் நிலையத்தில் மணி அண்ணனின் ஆட்டோ கிடைத்தது. அரை நாளுக்கு மூவாயிரம் பேசினோம். பதுளையில் வீடு தேடுகிறவர்கள் புரோக்கரைவிட ஆட்டோக்காரரை நம்பலாம். எந்த வீடு காலி, எந்தத் தெருவில் தண்ணீர் வராது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். முதல் வீட்டின் சொந்தக்காரர் "சொந்த ஊர் எது?" என்று கேட்டார். "நுவரெலியா பக்கம்" என்றார் ஜெகன். கொழும்பில் அவர் எப்போதும் சொல்லும் பதில் அது. அவர் பிறந்த மஸ்கெலியாவும் அதில் வராது, தோட்டமும் வராது. அந்த வீட்டில் போனுக்கு ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. இரண்டாவது வீட்டின் கூரை காலைத் தூறலுக்கே ஒழுகியது.

மணி பன்னிரண்டு. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஜெகன் அப்புத்தளைக்காரரின் நம்பரைத் தேடத் தொடங்கினார்.

"இன்னொன்னு இருக்குங்க" என்று மணி அண்ணன் தலையைச் சொறிந்தார். "பசறை ரோட்டுப் பக்கம். ஆஸ்பத்திரிக்குப் பதினஞ்சு நிமிசம் நடந்தா போதும். வீட்டுக்காரர் சாவிய எங்கிட்டதான் குடுத்துட்டுப் போயிருக்காரு. ஆனா பக்கத்து வீட்டோட ஒட்டி இருக்கும். ஒரே சுவருதான்."

ஜெகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்காகத்தான் வந்தார்.

வீடு நன்றாக இருந்தது. வெளிச்சம், குழாயில் தண்ணீர், சிக்னல், முப்பதாயிரம் வாடகை, பின்னால் ஒரு கொய்யா மரம். குறை கண்டுபிடித்தே தீருவது என்று ஜெகன் அந்தப் பொதுச் சுவரிடம் போனார். சாந்து உள்ளே ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டினார்.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு திரும்பி வந்தது.

ஜெகன் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுந்து, படபடவென்று மறுபடி தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்து முழித்தார். எங்கள் லயங்களில் சுவரைத் தட்டினால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். திருப்பித் தட்டினால் வருகிறேன் என்று அர்த்தம். அதற்கும் மேலே தட்டினால், அவசரம், போட்டது போட்டபடி ஓடி வா!

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தேவிட்டார். கை இரண்டிலும் ரொட்டி மாவு, மூச்சு வாங்குகிறது. நாற்பது வயதிருக்கும். செல்வி அக்கா என்று பிறகு தெரிந்தது; வீட்டிலேயே தையல் வேலை.

"யாருக்கு என்னா ஆச்சு? மயக்கமா?"

"ஐயோ, ஒண்ணுமில்லங்க அக்கா" என்று ஜெகன் நெளிந்தார். "சுவத்துல ஈரம் இருக்கான்னு பாத்தேன்."

அக்கா ஒரு நிமிடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு, வாசலில் நின்ற மணி அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

"டவுன் ஆளுங்க திருப்பித் தட்ட மாட்டாங்க தம்பி. நீங்க எந்தத் தோட்டம்?"

நான் 'நுவரெலியா பக்கம்' என்ற பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"மஸ்கெலியா பக்கங்க. மேல்கணக்கு லயம்" என்றார் ஜெகன். "கடைசிக் காம்பரா."

"நான் பசறைப் பக்கம். ஆறாவது காம்பரா. வாங்க, ரொட்டி கல்லுல கிடக்கு, கருகிரும்."

ரொட்டி ஒரு பக்கம் கருகித்தான் இருந்தது. மிளகாய் இடித்துச் செய்த கட்டச் சம்பலோடு நாங்கள் ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம். மணி அண்ணன் நான்கு. ஜெகன் அக்காவிடம் சுவர் சத்தம் கடத்துமா என்று கேட்டார். "கடத்தும். என் மிசின் சத்தம் உங்களுக்குக் கேட்கும், உங்க சண்டை எனக்குக் கேட்கும். சரியாப் போச்சு" என்றார் அக்கா. வெளியே வந்ததும் ஜெகன் அப்புத்தளைக்காரருக்குப் போன் போட்டு, மன்னிக்கச் சொல்லி, வீடு வேண்டாம் என்றார். நான் ரோட்டிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மணி அண்ணன் மரியாதையாக மரத்தைப் பார்த்தார்.

இப்போது பத்து மாதம். பதுளைக்குக் குடிவரும் ஜோடிகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டை மழை நாளில் பாருங்கள். கூரை அன்றைக்குத்தான் உண்மை பேசும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள். பதுளை, அப்புத்தளைபோல் குளிராது. தடித்த ஸ்வெட்டரை மூட்டை கட்ட வேண்டாம். ஒவ்வொரு அறையிலும் போனை எடுத்துச் சிக்னல் பாருங்கள்.

போன மாதம் எனக்குக் கடும் காய்ச்சல். ஜெகன் கம்பெனி மீட்டிங்கில், காதில் ஹெட்போன். கூப்பிட்டேன், கேட்கவில்லை. படுத்தபடியே கையை நீட்டிச் சுவரைத் தட்டினேன். செல்வி அக்கா கொத்தமல்லித் தண்ணீரோடு வந்து நின்றபோதுதான் அவர் ஹெட்போனைக் கழற்றினார். மறுநாள் ஒரு வேலை செய்தார்: அந்தச் சுவர் ஓரமாக இருந்த அலுமாரியைத் தள்ளிவைத்து, கட்டிலை இன்னும் நெருக்கிப் போட்டார். கை எட்ட வேண்டுமாம்.

ஆகவே கடைசியாக ஒன்று. வீடு பார்க்கப் போனால் சுவரைத் தட்டிப் பாருங்கள். யாராவது திருப்பித் தட்டினால், அட்வான்ஸைக் கொடுத்துவிடுங்கள்.