மானிட்டரில் கோளாறு இல்லை

1. மூன்று தடவை போனது

"மிஷின்ல தப்பா வே, இல்ல ஆளு தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்."

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்துச் சேலை நெய்யும் ஒரு முதலாளி தன் ஆபீஸ் அறையில் வைத்து என்னிடம் கேட்டது இது. ஆளு என்று அவர் சொன்ன முத்துச்செல்வி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். திருவேங்கடத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து, சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். வயது முப்பதுக்குள் இருக்கும். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன். இந்த ஊரில் இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு.

கம்ப்ளைன்ட் இதுதான். மானிட்டர் திடீரென்று கறுத்துப் போகும். இரண்டு விநாடி கழித்துத் தானாக வரும். டிஸ்ப்ளே ஃபிளிக்கர் என்று சொல்லுகிற வகை. கொஞ்சம் நடுங்கி நிற்பதும் உண்டு, ஒரேயடியாக இருட்டாவதும் உண்டு.

முதலாளிக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. முதல் தடவை போனபோதே என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"நான் உள்ள நுழைஞ்சேன்னா இந்தப் புள்ள டப்புனு ஸ்கிரீன அமத்தி இருட்டாக்கிருதா வே. ஒரு நாளு ரெண்டு நாளுன்னா விட்ருவேன். தெனமும் அமத்துதா. போன மாசம் இவ போட்ட மயிலு பார்டரு, நம்ம சேல தறியில இருந்து எறங்கும் முன்னால பஜார்ல இன்னொருத்தன் கடையில தொங்குது. என்னத்த மறைக்கா, யாருக்கு அனுப்புதான்னு பாத்துச் சொல்லும்."

அந்தப் பெண் சொன்னது வேறு. "நான் ஒண்ணும் அமத்தல அண்ணே. அதுவா போவுது, அதுவா வருது. இப்பக்கூட நீங்க வரும்போது போச்சே, பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. டூல் பையை இறக்கி வைத்துவிட்டு நிமிரும்போது படம் பளிச்சென்று இருந்தது.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். பவர் கார்டு லூஸா என்று பார்த்தேன். எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ரெஃப்ரெஷ் ரேட் சரியாக இருந்தது. டிஸ்ப்ளே டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். அரை மணி நேரம் நின்று பார்த்தேன், ஒரு சிமிட்டல்கூட இல்லை.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். என் கடை மானிட்டரையே தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன். பையில் கிடந்த இன்னொரு கேபிளையும் போட்டேன். ஒன்றும் அணையவில்லை.

"எப்ப இருந்தும்மா இப்படி?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"ஆபீஸுக்குப் பெயின்ட் அடிச்சு, புது சேரெல்லாம் போட்டாங்கல்லா, அதுல இருந்துதான்."

என் காதில் பெயின்ட் மட்டும்தான் ஏறியது. பெயின்ட் அடித்தவன் வயரிங்கை இழுத்துவிட்டிருப்பான் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை பிளக் பாயின்ட்டை எல்லாம் பிரித்துப் பார்த்து, கோடையில் காய்ந்து கிடந்த எர்த் குழியில் நாலு குடம் தண்ணீரும் ஊற்றவைத்தேன். அடுத்த அறையில் தறிகள் ஒரே இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தன. அப்போதும் மானிட்டர் அணையவில்லை. அன்றைக்குத்தான் முதலாளி, மிஷினா ஆளா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ராயகிரியில் ஒரு பிரின்டர் வேலை காத்திருந்தது. எனக்கு அவசரம். எரிச்சலும் இருந்தது.

"மிஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. மானிட்டர் சும்மா சும்மா அதுவா அணையாது" என்றேன்.

அப்படியானால் ஆளுதான் தப்பு என்று மீதியை அவர் முடித்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. முத்துச்செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2. நாலாவது தடவை

திங்கட்கிழமை முதலாளி போன் பண்ணினார். "அந்தப் புள்ளைய நிப்பாட்டியாச்சு. வந்து பாஸ்வேர்ட மாத்திக் குடும். டிசைனெல்லாம் காப்பி எடுத்து வையும். இனிமே இந்த ஊர்ல எந்தத் தறிக்காரன்கிட்ட வேல கேட்டுப் போனாலும் களவாணின்னு நான் சொல்லிருவேன்னுட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். இந்த ஊரில் தறிக்காரர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த வேலையும் இது ஒன்றுதான்.

போனேன். காப்பி ஏற ஒரு மணி நேரம் காட்டியது. பொதுவாக நான் கஸ்டமர் நாற்காலியில் உட்காருவதில்லை. ஒரு வக்கீல் ஆபீஸில் வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலியில் தூசிப் பேன்டோடு உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, எங்கே போனாலும் நின்றபடி குனிந்துதான் வேலை. அன்று முழங்கால் கெஞ்சியது. ஆளும் இல்லை. முத்துச்செல்வி உட்காரும், சக்கரம் வைத்த புது ஆபீஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார். பெரிய மனிதர் வந்தால் எழுந்திருப்பது நம் பக்கத்துப் பழக்கம். சட்டென்று எழுந்து, "வாங்க அண்ணாச்சி" என்று கும்பிட்டேன்.

மானிட்டர் அணைந்தது.

முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார். "நீரு என்னத்தவே அமத்துனீரு?"

என் இரண்டு கையும் கும்பிட்டபடி நெஞ்சுக்கு நேரே இருந்தன. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். படம் திரும்பி வந்தது.

மறுபடி உட்கார்ந்தேன், எழுந்தேன். அணைந்தது. பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்ததில் ஏழு தடவை அணைந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதே மாதிரி செய்தேன். ஒரு தடவைகூட இல்லை. பிறகு முதலாளியே உட்கார்ந்து பார்த்தார். கனமான உடம்பு. அவர் எழுந்த ஒவ்வொரு தடவையும் அணைந்தது. விடாமல் ஏழெட்டுத் தடவை செய்தார், மூச்சு வாங்கியது.

விஷயம் இதுதான். ஏற்றி இறக்குகிற நாற்காலியின் அடியில் கேஸ் அடைத்த தண்டு இருக்கும். பாரம் ஏறும்போதும் இறங்கும்போதும் சில நாற்காலிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மின்பொறி கிளம்பும். மலிவான கேபிளுக்குள் வெளி மின்னலையைத் தடுக்கிற கவசம் சரியாக இருக்காது, அந்தப் பொறி கிளப்பும் அலையை அது பிடித்துக்கொள்ளும். மானிட்டருக்கு சிக்னல் அறுந்து, திரும்பி வர இரண்டு விநாடி ஆகும். நான் மாற்றிப் போட்ட கேபிளும் அதே ரகம். இதை எங்கோ படித்தும் இருக்கிறேன். அப்போது நம்பவில்லை.

ஆக, முதலாளி வரும்போதெல்லாம் அந்தப் பெண் எழுந்திருக்கிறார். எழுந்ததும் ஸ்கிரீன் போயிருக்கிறது. நான் வரும்போதும் எனக்காக எழுந்து, நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் நின்றிருக்கிறார். அதன் பிறகு அரை மணி நேரம் என்ன, அரை நாள் நின்று பார்த்தாலும் எனக்கு என்ன தெரியப்போகிறது?

"அப்ப அந்த மயிலு டிசைன யாருதான் வே குடுத்தது?" என்றார் முதலாளி.

"அது கேபிள்ல தெரியாது அண்ணாச்சி. அந்தப் புள்ள ஸ்கிரீன அமத்தலங்கறது மட்டும் தெரியுது."

அவர் முத்துச்செல்விக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. நான் அடித்தேன். எடுத்ததும், "தப்பு என் மேலதான்மா, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

3. மறுநாள்

வந்தார். முகம் வீங்கியிருந்தது. நாற்காலியையும் மானிட்டரையும் காட்டி விளக்கினேன். "நான் 'கோளாறு இல்ல'ன்னு சொல்லியிருக்கக் கூடாதும்மா. 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லியிருக்கணும்" என்றேன். முதலாளிக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

முத்துச்செல்வி அதில் உட்கார்ந்தார், எழுந்தார். ஸ்கிரீன் இருட்டானது. அது திரும்பி வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முதலாளியிடம் கேட்டார்: "அப்ப மரியாதைக்கு எந்திரிச்சதுக்கா அண்ணாச்சி என்னைய களவாணின்னு சொன்னீய?"

முதலாளி மேஜையைப் பார்த்தார். "தப்புதான் தாயி. யாருகிட்டயும் இன்னும் வாய் தெறக்கல, தெறக்கவும் மாட்டேன். இந்த சேர இன்னைக்கே தூக்கிப் போட்டுட்டு வேற போட்ருவோம்."

"நல்ல கேபிள் ஒண்ணு மாட்டுனா போதும் அண்ணாச்சி" என்று நான் இடையில் புகுந்தேன்.

முத்துச்செல்வி எங்கள் இருவரையும் நிறுத்தினார். "சேரு இருக்கட்டும். கேபிளு மாத்துங்க, மாத்தாம போங்க. இனிமே நீங்க வந்தா நான் எந்திரிக்க மாட்டேன். அதுக்குச் சம்மதம்னா வேலைக்கு வாரேன்."

அந்த ஆபீஸில் அப்படி ஒரு பேச்சை அதுவரை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். "எந்திரிக்காண்டாம்" என்றார் முதலாளி.

கேபிளை மாற்றிவிட்டுத்தான் வந்தேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். கம்ப்ளைன்ட் சொன்னவரின் நாற்காலியில் முதலில் உட்காருங்கள், அவர் செய்கிற எல்லாவற்றையும் ஒரு தடவை செய்து பாருங்கள். அதற்குப் பிறகு வாயைத் திறங்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வேலையாக அங்கே போயிருந்தேன். முதலாளி உள்ளே வந்தார். நான் எழுந்தேன், கணக்குப்பிள்ளை எழுந்தார். முத்துச்செல்வி உட்கார்ந்தபடி ஒரு பார்டரில் பூ வைத்துக்கொண்டிருந்தார். முதலாளி சுற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்று, டிசைன் நன்றாக வந்திருக்கிறது என்றார்.